காய் பிடிக்கும் நேரம்

முத்துமீனா விதை எதுவும் போடவில்லை. ஆவணி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மொட்டைமாடியில் செம்பருத்தித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், மண்ணைப் பிளந்துகொண்டு முப்பது நாற்பது தக்காளி நாற்றுகள் ஒரே கொத்தாக எழும்பி நிற்பதைப் பார்த்தாள். சில நாற்றுகள் விதைத்தோலை இன்னும் தலையில் மாட்டிக்கொண்டிருந்தன. கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவை எங்கிருந்து வந்தவை என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி மாதம் நடந்தது அது. தக்காளி விலை எகிறிக் கிடந்த நேரம். பழங்காநத்தத்தில் பாதி வீடுகளில் புளியை மட்டும் கரைத்து ரசம் வைத்துக்கொண்டிருந்தார்கள். முத்துமீனாவும் அவள் கணவன் ஜெயபாண்டியும் உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே சாப்பாடு முடிந்துவிட்டது. மணி பதினொன்று இருக்கும். செக்கானூரணிக்குச் சற்று முன்னால், சாலை ஓரப் பள்ளத்தில் ஒரு மினி வேன் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. பத்திருபது பேர் நின்றார்கள். சாலை முழுக்கத் தக்காளி.

"டிரைவர் எங்கய்யா?" என்று ஜெயபாண்டி கேட்டான்.

"ஓடிட்டான்ணே. அடிக்குப் பயந்து ஓடியிருப்பான்" என்றார் ஒருவர். பேசிக்கொண்டே துண்டில் பழத்தை அள்ளினார்.

யார் முதலில் குனிந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் குனிந்துதான் இருந்தார்கள். முத்துமீனா காதுகுத்து வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை எடுத்து வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, பையை விரித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். நல்ல பழங்கள் வேனை ஒட்டித்தான் கிடந்தன. அங்கே போய்க் குந்தியபோது அந்தச் சத்தம் கேட்டது. 'ம்ம்ம்' என்று, வாயை மூடிக்கொண்டு இழுப்பதுபோல் ஒரு முரலல். வேனுக்கு அடியிலிருந்து வந்தது.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"இஞ்சின் இன்னும் ஓடுது. தீப்பிடிச்சாலும் பிடிக்கும். சீக்கிரம் வா" என்றான் ஜெயபாண்டி.

லாரிப் பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பழங்காநத்தத்தில் சொந்தமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அவன் இஞ்சின் என்றால் அது இஞ்சின்தான். இன்னும் மூன்று பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் மேலே ஏறிவிட்டாள்.

மறுநாள் தக்காளித் தொக்கு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஜெயபாண்டி டீக்கடையிலிருந்து பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தான். அதை அடுப்பு மேடையில் விரித்து வைத்தான். கிரேன் வந்து வேனைத் தூக்கியபோது அடியில் டிரைவர் கிடந்திருக்கிறான். பெட்டிகளுக்கும் மண்ணுக்கும் நடுவில் சிக்கி, வாய் முழுக்கச் சகதி. முத்திருளன், வயது முப்பத்துநாலு. உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். வண்டி கவிழ்ந்த பிறகும் நாற்பது நிமிடம் உயிரோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகப் போட்டிருந்தது.

முத்துமீனா அடுப்பை அணைத்தாள். அந்தத் தொக்கைத் தின்ன முடியாது. யாருக்கும் கொடுக்கவும் முடியாது. குப்பையில் போட்டால் தெருமாடு தின்னும், அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. சாக்கடையில் ஊற்றிவிட்டாள். மிச்சமிருந்த பழங்களை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், செம்பருத்தித் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தாள். அதன்பிறகு புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்ட வீடு, பேசாமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது.

புதைத்ததுதான் இப்போது முளைத்து நின்றது.

பிடுங்கத்தான் கை போனது. ஒரு கொத்தைப் பிடுங்கியும் விட்டாள். உள்ளங்கையில் அந்தப் பச்சை வாசனை ஏறியதும், அவளுக்கு வேறொரு எண்ணம் வந்தது. இதை வளர்த்து, காய்க்க வைத்து, பழுத்ததும் ஒரு கூடை நிறையக் கொண்டுபோய் அந்த முத்திருளன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தால் என்ன? அள்ளியதற்கு மேலேயே கொடுத்துவிடலாம். அவன் பெண்டாட்டியிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணம் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. நல்ல நாற்றாக ஐந்தை எடுத்து ஐந்து பெயிண்ட் வாளியில் வைத்தாள்.

செடி நன்றாகத்தான் வந்தது. புரட்டாசியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஆனால் பூ நிற்கவில்லை. காலையில் பார்த்தால் காம்போடு உதிர்ந்து வாளியைச் சுற்றிக் கிடக்கும். நர்சரி வைத்திருந்த பீர் முகமது பாயிடம் போய்க் கேட்டாள்.

"புரட்டாசி வெயிலும்மா. ராத்திரியிலயும் சூடு இறங்கல பாருங்க, பூ தாங்காது. மேல பச்சை நெட்டு கட்டிவிடுங்க" என்றார் பாய். "இன்னொண்ணும் இருக்கு. தக்காளிப் பூவு தானாப் பிடிக்காது. ஆடணும். வண்டு வந்து பூவைப் பிடிச்சுக்கிட்டு ரீங்காரம் போடும் பாத்தீங்களா, அந்த அதிர்வுலதான் பொடி கொட்டும். மூணாவது மாடிக்கு எந்த வண்டு வருது? பத்து பதினொரு மணிவாக்குல காம்பை விரலால சுண்டி விடுங்க. இல்லாட்டி செல்போனை வைப்ரேட்டர்ல போட்டுத் தண்டுல வைங்க."

நிழல்வலை கட்டினாள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். ரவிக்கை தைக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு, தினமும் பத்து மணிக்கு மாடியேறி ஒவ்வொரு கொத்தாகச் சுண்டிவிட்டாள். போனையும் வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் ஆகியும் ஒரு பிஞ்சு இல்லை. பூ கொட்டிக்கொண்டேதான் இருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சுண்டி முடித்துவிட்டு, சாய்ந்த கிளையொன்றைப் பழைய சேலைக் கிழிசலால் குச்சியோடு கட்டிக்கொண்டிருந்தாள். காற்று அடியோடு இல்லை. கொடியில் போட்ட துணிகள் அட்டை மாதிரி தொங்கின. அப்போது கேட்டது.

ம்ம்ம்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். மோட்டார் ஓடவில்லை. வண்டோ என்று பூக்களைப் பார்த்தாள். வண்டு இல்லை. ஆனால் பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. இலை ஆடவில்லை, தண்டு ஆடவில்லை. ஐந்து செடியிலும் பூக்கள் மட்டும், குளிரில் நடுங்குகிற விரல்நுனி மாதிரி, மெல்ல நடுங்கின. வலையின் ஓட்டை வழியே விழுந்த வெயிலில் மஞ்சள் பொடி கொட்டுவது தெரிந்தது. சத்தம் இந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. குனிந்தால் கீழேயிருந்து வந்தது. நிமிர்ந்தாலும் கீழேயிருந்துதான் வந்தது.

அது எந்தச் சத்தம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கையிலிருந்த துணியை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் கூரைக்கு மேலே அது கேட்டது. மிக்ஸியைப் போட்டாள். நிறுத்தினாள், கேட்டது. கடைசியில் அது நின்றபோது செல்போனைப் பார்த்தாள். பதினொன்று நாற்பத்தைந்து.

மறுநாள் காலையில் ஒரு பூகூட உதிர்ந்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் வாடிய பூவுக்கெல்லாம் பின்னால் பட்டாணி அளவில் பச்சைப் பிஞ்சு உருண்டிருந்தது.

அதன்பிறகு தினமும் கேட்டது. பதினொன்று ஐந்துக்கு ஆரம்பிக்கும். நாற்பத்தைந்துக்கு நிற்கும். ஒருநாள் கீழ்வீட்டு ருமானா துணி காயப்போட மேலே வந்தாள். முரலல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ருமானா தன் மகனின் சேட்டைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பத்து நிமிடம் நின்றாள்.

"ருமானா, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம் அக்கா? ரோட்டுல பஸ் போற சத்தம்தான்" என்றாள் ருமானா. பிறகு செடியைப் பார்த்து, "யா அல்லா, எம்புட்டுக் காய் பிடிச்சிருக்கு! கைராசிதான் ஒங்களுக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் கிடையாது. முத்துமீனா கணவனை மாடிக்குக் கூப்பிட்டாள். செடிகள் வளர ஆரம்பித்த நாளிலிருந்து அவன் அந்தப் படியை மிதித்ததில்லை. கூப்பிட்டதற்காக எழுந்து வந்தான். பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டான். கை சுவரைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான்.

"கேக்குதான்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்றாள் முத்துமீனா.

அவன் திரும்பி இறங்கிப் போய்விட்டான்.

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. மழை வந்து வெயில் தணிந்தது. காய்கள் உள்ளங்கை அளவுக்குப் பெருத்து, கிளையை வளைத்துக்கொண்டு தொங்கின. ஒன்றுகூடப் பழுக்கவில்லை. கொஞ்சம் வெளுக்கக்கூட இல்லை. முத்துமீனா மறுபடி பீர் முகமது பாயிடம் ஓடினாள். அவர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். சாம்பல் போடச் சொன்னார். அடியிலைகளைக் கிள்ளிவிடச் சொன்னார். எல்லாம் செய்தாள். இரண்டு காயைப் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துப் பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தும் வைத்தாள். எப்படிப்பட்ட காயும் அதில் ஒரு வாரத்தில் சிவந்துவிடும் என்று பாய் சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து அரிசிக்குள் கையை விட்டாள். வாழைப்பழம் கறுத்துக் கூழாகியிருந்தது. தக்காளி வைத்தபோது இருந்தபடியே பச்சையாக, கல்லாக இருந்தது. ஆனால் சூடாக இருந்தது. கார்த்திகை மாதம், மழை பெய்து ஓய்ந்த காலை. அரிசி சில்லென்றிருந்தது. காய் மட்டும் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி கதகதத்தது.

ஒன்றை எடுத்து அரிவாள்மனையில் வைத்து அரிந்தாள். உள்ளே ஒவ்வொரு விதையும் முளைத்திருந்தது. வெள்ளை வெளேரென்ற வேர்கள், வெளியே போக வழி தேடித் தேடி, தோலின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றி வளர்ந்து ஒட்டிக்கிடந்தன.

அவள் அலறவில்லை. அரிந்த பாதியை மூடி ஒரு கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்தைக் கையிலெடுத்துக்கொண்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள். ஜெயபாண்டி ஒரு ஸ்கூட்டரின் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கிண்ணத்தை அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

"பத்து வருஷம் லாரிப் பட்டறையில இருந்தீக. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. தலைகீழாக் கெடக்குற வண்டியில இஞ்சின் ஓடுமா?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். ஸ்பானரைத் துணியில் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

"ஓடாது" என்றான்.

"அது இஞ்சின் சத்தம் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." ஸ்பானரைக் கீழே வைத்தான். "ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டேன் மீனா. அம்புட்டுப் பேரு நின்னாக. எல்லாரும் அள்ளிக்கிட்டு இருந்தாக. நான் ஒருத்தன் எதுக்குச் சொல்லணும், போலீசு கேசுன்னு எதுக்கு அலையணும்னு நெனச்சேன். இஞ்சின்னு சொன்னேன். சொன்னதும் இஞ்சின் மாதிரியே கேட்டுச்சு."

"எனக்கும் அப்பிடித்தான் கேட்டுச்சு" என்றாள் முத்துமீனா. அவனைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "நாளைக்கு நான் அந்த வீட்டுக்குப் போறேன். பழுக்காட்டி என்ன, செடியோட கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன். நீங்க வாரீகளா?"

அவன் சைலன்சரை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தபடியே இருந்தான். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநாள் ஆரப்பாளையம் போய் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினாள். நிறையக் காய் பிடித்திருந்த ஒரு வாளி மட்டும் கையில். கண்டக்டர் அவளையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க இருந்துதான் வாரீகளோ. போன மாசத்துல இருந்து தக்காளிச் செடியோட ஏறுற மூணாவது ஆளு நீங்க. அங்க என்ன, கோயில் எதுவும் இருக்கா?"

முத்துமீனா டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். வாளியை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

உசிலம்பட்டியில் டவுன் பஸ் மாறி, கிராமத்து நிறுத்தத்தில் இறங்கி, டிரைவர் முத்திருளன் வீடு எது என்று ஒரு பெட்டிக்கடையில் கேட்டாள். கடைக்காரர் அவள் கையிலிருந்த செடியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தெருக்கோடியைக் காட்டினார்.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சிறிய வீடு. முன்னால் முள்வேலி போட்ட வாசல். வேலிப்படலைத் தள்ளியவள் அங்கேயே நின்றுவிட்டாள். வாசல் முழுக்கத் தக்காளிச் செடிகள். பெயிண்ட் வாளியில், அரிசிச் சாக்கில், எண்ணெய் டின்னில், பிடி உடைந்த குக்கரில், மீன் பெட்டியில். இருபதுக்கு மேல் இருக்கும். சில செடிகளில் பழம் சிவந்து தொங்கியது. வேலியோரம் ஒரு பெண், முறத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வாங்கக்கா. வெயில்ல நிக்காதீக" என்றாள். "நான் ஜெயக்கொடி. அவுக சம்சாரம்."

முத்துமீனா வாளியை இறக்கி வைத்தாள். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பொய்கள் எல்லாம் அந்த வாசலில் நின்றிருந்த செடிகளைப் பார்த்ததுமே போய்விட்டன. "அன்னிக்கு நானும் அங்க இருந்தேம்மா. ஒரு பை அள்ளிக்கிட்டுப் போனேன். சத்தம் கேட்டுச்சு. நாங்க..."

"இஞ்சின்னு நெனச்சீக" என்றாள் ஜெயக்கொடி. கோபமில்லாத குரல். "வந்தவுக எல்லாருமே அதத்தான் சொல்றாக. தூக்கிப் போட்டோம், முளைச்சிருச்சுன்னு சொல்றாக. காய்க்குது, பழுக்கலன்னு சொல்றாக. இங்க கொண்டாந்து வச்சா எட்டு நாள்ல பழுத்துருது. என்னத்துக்குன்னு எனக்கும் தெரியல." செல்போனைத் திருப்பிப் பார்த்தாள். "மணி பதினொண்ணு ஆகப்போகுது. ஒக்காருங்க. நாப்பது நிமிசம் இருந்துட்டுப் போங்க. வந்தவுக எல்லாரையும் நான் ஒக்கார வச்சுத்தான் அனுப்புறது."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் சேரைச் செடிகளுக்கு நடுவில் போட்டாள். எதிரே தான் தரையில் உட்கார்ந்தாள். கோழி ஒன்று வாளிகளுக்கு இடையில் கிளறிக்கொண்டிருந்தது. திடீரென்று அது கழுத்தை உயர்த்திப் பார்த்துவிட்டு வேலிக்கு வெளியே ஓடியது.

முரலல் ஆரம்பித்தது. மாடியில் கேட்டது மாதிரி இல்லை. அங்கே ஐந்து செடி. இங்கே வாசல் முழுக்க. பூவிருந்த கிளைகளிலெல்லாம் பூக்கள் நடுங்கின. காலுக்குக் கீழே மண்ணிலிருந்து அது கிளம்பி, சேரின் கால் வழியே ஏறி, அவள் பல்லுக்குள் வந்து அதிர்ந்தது.

ஜெயக்கொடி செடிகளைப் பார்க்கவில்லை. முத்துமீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிச்சிருச்சாக்கா?"

"ம்" என்றாள் முத்துமீனா. சொன்ன பிறகுதான், தன் வாயிலிருந்து வந்ததும் அதே சத்தம்தான் என்று உறைத்தது. வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ஒனக்குக் கேக்கலையா தாயி?"

"எனக்கெங்க கேக்கும்? நான் அங்க இல்லையே." ஜெயக்கொடி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அன்னிக்கு விடியக்கருக்கல்ல வண்டி எடுக்கும்போது நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். அவுக கடைசியாப் பேசுனத நீங்கள்லாம்தான் கேட்டிருக்கீக. அதான் கேக்குறேன். எப்பிடி இருக்கு அந்தச் சத்தம்? வலியில முனகுற மாதிரியா? இல்ல, நெனவில்லாமயா? சொல்லுங்க."

முத்துமீனா கண்ணை மூடிக் கேட்டாள். இத்தனை நாளும் அவள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறாளே தவிர, ஒரு நாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. ஒரே சீராக இழுக்கிற சத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. சத்தம் ஏறியது, இறங்கியது. சில நேரம் அவசரமாக, பலமாக வந்தது. பிறகு சோர்ந்து தணிந்தது. மறுபடி ஏறியது. எதற்காக ஏறி எதற்காக இறங்குகிறது என்று புரிந்தபோது, சேரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தில் குந்தி அந்தக் கடைசி மூன்று பழத்தை எடுத்தபோது அது எவ்வளவு பெரிதாகக் கேட்டது, மேலே ஏறியபோது எப்படித் தணிந்தது என்று ஞாபகம் வந்தது.

"நெனவோடதான் இருந்திருக்காரும்மா" என்றாள். "நாங்க பக்கத்துல இருக்கது தெரிஞ்சிருக்கு. காலடிச் சத்தம் கிட்ட வந்தா, சத்தத்தக் கூட்டுறாரு. தள்ளிப் போனா கொறச்சுக்கிறாரு. எங்களத்தான் கூப்பிடுறாரு. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுருக்காரு."

ஜெயக்கொடி ஒரு மொச்சைத் தோலை எடுத்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"இது வரைக்கும் வந்தவுகள்லாம், தூக்கத்துல முனகுற மாதிரி இருக்குன்னாக" என்றாள் கடைசியில். "வலியே தெரியாமப் போயிருப்பாருன்னு ஒருத்தர் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்குத் தெரியும் அது பொய்யின்னு. அவுக அப்பிடிச் சும்மா கெடக்குற ஆளு இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் இருங்க. முடியிற வரைக்கும் இருங்க."

முத்துமீனா இருந்தாள். கடைசிப் பத்து நிமிடம் சத்தத்துக்கு இடையில் இடைவெளி விழுந்தது. ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிட நீண்டது. ஒவ்வொரு தடவையும் முடிந்துவிட்டது என்று நினைப்பாள், மறுபடி வரும். பிறகு வரவில்லை. பூக்கள் நின்றன.

"நின்னுருச்சு" என்றாள்.

ஜெயக்கொடி எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முத்துமீனா குடித்து முடிக்கும்வரை நின்றாள். "செடிய அந்த மூலையில வச்சிருங்க. அங்கதான் வெயில் படும்" என்றாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அவள் சொல்லவில்லை, முத்துமீனாவும் கேட்கவில்லை. ஜெயக்கொடி அவள் போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜெயபாண்டி வீட்டுக்கு வந்ததும், நடந்ததை ஒன்று விடாமல் அவனிடம் சொன்னாள். காலடிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது அவன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். அதற்கு மறுநாளிலிருந்து அவளுக்கு மாடியில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான்கு செடிகள் அங்கேயே பச்சைக் காய்களோடு நின்றன. பதினொரு மணிக்கு அவள் மேலே போய் நிற்பாள். பஸ் போகிற சத்தம்தான் கேட்கும்.

புதன்கிழமை காலையில் ஜெயபாண்டி ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவில்லை. ஒரு லோடு ஆட்டோவைக் கூட்டிவந்து, படியேறிப் போய் நான்கு வாளிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினான். "நானும் வாரேன்" என்றாள் முத்துமீனா. "வேணாம், நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்றான்.

பன்னிரண்டரைக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. இரண்டு மணிக்குப் போட்டாள், எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றக்கூட இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்தான்.

"நாப்பது நிமிசம்னு சொன்னியே மீனா" என்றான்.

"ஆமா."

"ஆட்டோவ அனுப்பிட்டு நாலு மணி வரைக்கும் ஒக்காந்திருந்தேன். நிக்கல. அந்தப் புள்ள வந்து, கடைசி பஸ்ஸு போயிரும், கெளம்புங்கண்ணேன்னு சொல்லித்தான் எந்திரிச்சேன். அப்பவும் நிக்கல."

அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

அடுத்த புதன்கிழமையும் அவன் கிளம்பினான். அதற்கடுத்த புதன்கிழமையும். மார்கழி கடைசியில் ஒருநாள் மதியம் ஜெயக்கொடி போன் செய்தாள். வாளிகளில் இருந்த காயெல்லாம் பழுத்துவிட்டதாகவும், அண்ணன் வந்து செடிகளுக்குக் கம்பி நட்டுப் பந்தல் போட்டுக் கொடுத்ததாகவும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வேலைய முடிச்சுட்டு அந்தச் சேர்லயே ஒக்காந்திருக்காகக்கா. இப்பவும் ஒக்காந்துதான் இருக்காக. மூஞ்சியப் பாத்தா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்குன்னு தெரியுது. என்ன கேக்குதுன்னு நான் அவுககிட்ட மட்டும் கேக்குறதில்ல."

"சாப்பிட ஏதாச்சும் குடுத்தியா?" என்று முத்துமீனா கேட்டாள்.

"குடுத்தேன்க்கா. கையில வாங்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காக."

"சரி, இருக்கட்டும்" என்றாள் முத்துமீனா. "தானா எந்திரிச்சு வரட்டும்."